ரத்தம் கொடுத்த பிறகு லேபில் என்ன நடக்கிறது? நீலகிரி மக்கள் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்க வேண்டும்?

இத்தலாரில் இருந்து காலை பஸ்ஸைப் பிடித்து ஒரு பெண் ஊட்டி ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 45. கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட் என்று சொந்த விவசாயம். சில வாரங்களாகத் தீராத அசதி. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது.

டாக்டர் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார். லேபில் மூன்று, நான்கு குழாய்களில் ரத்தம் எடுக்கிறார்கள். "மதியத்துக்கு மேல வந்து ரிப்போர்ட் வாங்கிக்கோங்க அக்கா" என்கிறார்கள்.

மதியம் ரிப்போர்ட் வருகிறது. ஹீமோகுளோபின் 12.6. பக்கத்தில் 'நார்மல் 12 முதல் 15' என்று அச்சாகி இருக்கிறது. "ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்புகிறார்.

ஆனால் அந்த 12.6, சென்னையில் நார்மல். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது ரத்தசோகையாக இருக்கலாம்!

எப்படி? அதைப் புரிந்துகொள்ள, அந்தக் குழாய்கள் லேபுக்குள் போனதும் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

லேப் என்பது ஒரே இடமா?

வெளியில் இருந்து பார்த்தால் ஒரே ஜன்னல், ஒரே வரிசை. ஆனால் பெரிய மருத்துவமனைகளில் உள்ளே மூன்று துறைகள் இருக்கும்.

நோய்க்குறியியல் துறை: ரத்த அணுக்கள், சதைத் துணுக்குகள், கட்டிகள் ஆகியவற்றைப் பார்ப்பவர்கள்.

உயிர்வேதியியல் துறை: சுகர், கொழுப்பு, கிட்னி, கல்லீரல், தைராய்டு போன்ற வேதி அளவுகளைப் பார்ப்பவர்கள்.

நுண்ணுயிரியல் துறை: பாக்டீரியா, வைரஸ், காசநோய்க் கிருமி போன்றவற்றைத் தேடுபவர்கள்.

ஆரம்ப சுகாதார நிலைய லேபில் அடிப்படைப் பரிசோதனைகள் நடக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் மாதிரியோ, நோயாளியோ பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீலகிரியில் 2025 ஏப்ரல் 6-ம் தேதி ஊட்டியில் திறக்கப்பட்ட 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் அரசுத் தரப்பில் பெரியது.

தவறு பெரும்பாலும் எங்கே நடக்கிறது?

மெஷின் தப்பாகக் காட்டிவிட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் லேப் தவறுகளில் பெரும்பங்கு, மாதிரி மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பெயர் மாறிய லேபிள், தவறான குழாய், போதாத ரத்தம், தாமதம், விரதம் இருக்காமல் வந்தது... இப்படி.

"வெறும் வயித்துலதானே வந்தீங்க?" என்று டெக்னீஷியன் கேட்பார். "ஆமாம்ப்பா, ஒரு டீ மட்டும்தான் குடிச்சேன்" என்பது நீலகிரியில் அடிக்கடி வரும் பதில். பாலும் சர்க்கரையும் போட்ட அந்த ஒரு டீ போதும், வெறும் வயிற்று சுகர் கணக்கு மாறிவிடும். விரதப் பரிசோதனை என்றால் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது.

இன்னொரு விஷயம். மேடேறி, படியேறி வந்த உடனே கையை நீட்டக் கூடாது. 10, 15 நிமிடம் உட்கார்ந்த பிறகு ரத்தம் கொடுப்பது நல்லது. உடல் நிலையும், நடந்த களைப்பும் சில அளவுகளைக் கொஞ்சம் மாற்றும்.

கையில் கட்டும் ரப்பர் பட்டையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கமாக இருக்கக் கூடாது. முஷ்டியைத் திரும்பத் திரும்ப மூடித் திறந்தால் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். நரம்பு தெரியட்டும் என்று நாம் நல்ல மனதோடு செய்வதுதான், ஆனால் கணக்கைக் கெடுத்துவிடும்.

குழாய் மூடிகளுக்கு ஏன் வேறு வேறு நிறம்?

அழகுக்காக இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ளே ஒரு மருந்து இருக்கிறது.

ஊதா மூடி: உள்ளே இ.டி.டி.ஏ. என்ற உப்பு. ரத்தம் உறையாமல் இருக்கும். அணுக்களை எண்ணுவதற்கும், மூன்று மாத சராசரி சுகரான எச்பிஏ1சி பரிசோதனைக்கும் இதுதான்.

சிவப்பு அல்லது மஞ்சள் மூடி: இதில் ரத்தம் உறைய வேண்டும். உறைந்த பிறகு மேலே நிற்கும் தெளிந்த நீர்தான் சீரம். கிட்னி, கல்லீரல், தைராய்டு பரிசோதனைகளுக்கு அது தேவை.

சாம்பல் மூடி: உள்ளே ஃபுளோரைடு. சுகர் பரிசோதனைக்கு. ரத்த அணுக்கள் குழாய்க்குள்ளும் உயிரோடு இருந்து சர்க்கரையைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறைந்துவிடும். ஃபுளோரைடு இதைக் கட்டுப்படுத்துகிறது.

இளநீல மூடி: உள்ளே சிட்ரேட். ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்க. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. குறிப்பிட்ட கோடு வரை ரத்தம் நிரம்பவில்லை என்றால் முடிவு தப்பாகிவிடும். அதனால்தான் சில சமயம் "இன்னொரு தடவை குத்தணும்மா" என்கிறார்கள்.

எந்தக் குழாயில் முதலில் எடுப்பது என்பதற்கும் வரிசை இருக்கிறது. ஊதாக் குழாயில் உள்ள உப்பு ஒரு துளி சிவப்புக் குழாயில் கலந்தாலும் பொட்டாசியம் ஏறியும், கால்சியம் இறங்கியும் காட்டும். நோயே இல்லாதவருக்கு நோய் வந்தது போல இருக்கும்.

குளிரும் கெடுக்குமா?

கெடுக்கும். ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது என்று நினைப்போம். சீரத்தைப் பிரித்த பிறகு அது சரி. பிரிக்காத முழு ரத்தம் நீண்ட நேரம் குளிரில் இருந்தால், அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மலைக்கிராமத்தில் எடுத்த ரத்தத்தை வண்டியில் அனுப்பும்போது இதைக் கவனிக்க வேண்டும். ஆகவே ரத்தம் எடுத்த இடத்திலேயே சீரத்தைப் பிரித்து அனுப்புவது நல்ல வழி.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது?

சிவப்புக் குழாயை அரை மணி நேரம் உறைய விடுவார்கள். பிறகு வேகமாகச் சுழலும் சென்ட்ரிஃபியூஜில் வைப்பார்கள். அணுக்கள் அடியில் தங்கும், சீரம் மேலே வரும். உயிர்வேதி மெஷின் அந்தச் சீரத்தில் துளி எடுத்து ரசாயனத்தோடு கலக்கும். நிறம் மாறும். எவ்வளவு ஒளி அதில் உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து அளவு கணக்கிடப்படும்.

ஊதாக் குழாய் வேறு மெஷினுக்குப் போகும். மிக நுண்ணிய ஒரு துளை வழியாக அணுக்களை ஒவ்வொன்றாகக் கடக்க வைத்து, அப்போது மின்தடையில் ஏற்படும் மாற்றத்தை எண்ணுகிறது அது. அணு பெரிதாக இருந்தால் மாற்றமும் பெரிது. அமெரிக்காவின் வாலஸ் கூல்டர் கண்டுபிடித்த இந்த முறைக்கு 1953-ல் காப்புரிமை கிடைத்தது. இன்றும் பல மெஷின்களின் அடிப்படை இதுதான்.

அப்புறம் மைக்ரோஸ்கோப் எதுக்கு?

மெஷினுக்குச் சந்தேகம் வந்தால் எச்சரிக்கைக் குறி போடும். அப்போது ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, சாயம் ஏற்றி மருத்துவர் நேரில் பார்ப்பார். மலேரியாக் கிருமி, புற்றுநோய் அணு, அரிவாள் போல வளைந்த சிவப்பணு எல்லாம் இதில் தெரியும்.

இதில் நம் எல்லோருக்கும் பயன்படும் ஒரு உதாரணம் உண்டு. காய்ச்சல் வந்தால் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுகிறோம். சிலருடைய ரத்தத்தில், ஊதாக் குழாயில் உள்ள உப்பு பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கொத்தைத் தட்டணுவாக எண்ணாது. ஆள் நன்றாக இருப்பார், ரிப்போர்ட்டில் தட்டணு 40 ஆயிரம் என்று வரும். கண்ணாடித் தகட்டைப் பார்த்தால் கொத்து தெரிந்துவிடும். இளநீலக் குழாயில் மறுபடி எடுத்தால் பெரும்பாலும் சரியான எண்ணிக்கை வரும்.

மெஷின் சரியாகத்தான் சொல்கிறதா?

நல்ல லேபில் காலையில் நோயாளியின் ரத்தத்துக்கு முன்பே, அளவு தெரிந்த ஒரு மாதிரியை மெஷினில் போட்டுப் பார்ப்பார்கள். விடை சரியாக வந்தால்தான் வேலை தொடங்கும்.

வெளியில் இருந்தும் பரீட்சை உண்டு. ஒரே மாதிரியைப் பல லேப்களுக்கு அனுப்பி, யார் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள் என்று ஒப்பிடுவார்கள். உயிர்வேதியியலுக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இந்தத் திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. நாடு முழுவதும் இருந்து லேப்கள் அதில் கலந்துகொள்கின்றன. லேபுக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களும் கேட்கலாம்.

'நார்மல்' என்று அச்சடிப்பது யார் கணக்கு?

பல பரிசோதனைகளில் ஆரோக்கியமானவர்கள் பலரை அளந்து, நடுவில் இருக்கும் 95 சதவீதம் பேரின் அளவை நார்மல் எல்லையாக வைக்கிறார்கள். அப்படியானால் முழு ஆரோக்கியமான 20 பேரில் ஒருவருக்கு ஒரு அளவு எல்லைக்கு வெளியே வரும். தடித்த எழுத்தில் ஒரு எண் வந்ததுமே பயப்பட வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

எல்லைக்குள் இருந்தால் நிம்மதி என்பதும் எப்போதும் சரியில்லை. இங்கேதான் இத்தலார் பெண்ணின் 12.6 வருகிறது.

மலையில் ஹீமோகுளோபின் கணக்கு ஏன் மாறுகிறது?

உயரம் போகப் போக காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதைச் சமாளிக்க உடல் கூடுதல் ஹீமோகுளோபினைத் தயாரிக்கிறது. ஆக, மலையில் வாழ்பவருக்குச் சமவெளி ஆளைவிட அதிக ஹீமோகுளோபின் இருப்பதுதான் இயல்பு.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்குக் கணக்கு சொல்கிறது. வந்த அளவில் இருந்து ஊரின் உயரத்துக்கு ஏற்ப ஒரு எண்ணைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

1,000 முதல் 1,499 மீட்டர் வரை (கூடலூர் போன்ற ஊர்கள்): 0.8 கிராம்

1,500 முதல் 1,999 மீட்டர் வரை (குன்னூர் போன்ற ஊர்கள்): 1.1 கிராம்

2,000 முதல் 2,499 மீட்டர் வரை (ஊட்டி): 1.4 கிராம்

இப்போது 12.6-ல் இருந்து 1.4 கழியுங்கள். 11.2 வருகிறது. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அசதிக்கும் மூச்சு வாங்குவதற்கும் காரணம் அங்கேயே இருந்திருக்கலாம். லேப் தப்பு செய்யவில்லை, மெஷினும் தப்பு செய்யவில்லை. பக்கத்தில் அச்சான 'நார்மல்' மட்டும் சமவெளிக்கானது.

இதை வைத்து நீங்களே இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். "டாக்டர், ஊட்டி உயரத்துக்கு இந்த ஹீமோகுளோபின் போதுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அது போதும்.

நீலகிரிக்கும் சிக்கிள் செல்லுக்கும் என்ன தொடர்பு?

ஹீமோகுளோபின் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. எந்த வகை என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு நீலகிரி இந்திய மருத்துவ வரலாற்றிலேயே முக்கியமான இடம்.

சிக்கிள் செல் என்பது பரம்பரையாக வரும் ரத்த நோய். சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். கடுமையான வலி, ரத்தசோகை, அடிக்கடி தொற்று என்று தொந்தரவு கொடுக்கும். இந்தியாவில் இது இருப்பதை 1952-ல் முதலில் வெளியுலகுக்குச் சொன்னது, நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த ரத்தப் பரிசோதனைதான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முதலில் ஒரு எளிய பரிசோதனை. ஒரு துளி ரத்தத்தை ஒரு திரவத்தில் கலந்து, பின்னால் கோடு போட்ட அட்டையை வைப்பார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் சிக்கிள் இல்லை. கலங்கி, கோடு மறைந்தால் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் கலங்கிய குழாய் ஒரு விஷயத்தைச் சொல்லாது. அந்த நபர் நோயாளியா, அல்லது தாய், தந்தையில் ஒருவரிடம் இருந்து மட்டும் மரபணுவைப் பெற்ற சுமப்பவரா என்பது தெரியாது. சுமப்பவர் பொதுவாக ஆரோக்கியமாகவே வாழ்வார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும், சமீபத்தில் ரத்தம் ஏற்றியவருக்கும் இந்த முதல் பரிசோதனை தவறான முடிவு தரலாம். அதனால் எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரசிஸ் என்ற இரண்டாவது பரிசோதனையில் ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து உறுதி செய்வார்கள். முதல் பரிசோதனையோடு நின்றுவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. திருமணத்துக்கு முன்பே அல்லது கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டால் குடும்பம் யோசித்து முடிவெடுக்கலாம். நோய் உள்ள குழந்தைக்கு ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்தும், தடுப்பூசிகளும் சீக்கிரமே தொடங்கலாம்.

2023 ஜூலை 1-ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் குறிக்கோள், 2047-க்குள் சிக்கிள் செல் நோயை ஒழிப்பது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடி பேரைப் பரிசோதிப்பது அதன் முதல் கட்ட இலக்கு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் வாழும் நீலகிரிக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

சுகர் ரிப்போர்ட்டோடு இதற்கு என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. எச்பிஏ1சி என்பது ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணு ஏறக்குறைய நான்கு மாதம் வாழும் என்ற அடிப்படையில்தான் மூன்று மாத சராசரி சொல்கிறார்கள். சிக்கிள் செல் நோயில் அணுக்கள் சீக்கிரமே அழிந்துவிடும். சர்க்கரை ஒட்டிக்கொள்ள நேரமே இருக்காது. உண்மையில் சுகர் அதிகம் இருந்தாலும் எச்பிஏ1சி குறைவாகக் காட்டலாம். வெறும் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இதற்கு எதிர்மாறாக, கொஞ்சம் கூடுதலாகவும் காட்டலாம்.

குடும்பத்தில் சிக்கிள் செல் இருந்தாலோ, ரத்தசோகை இருந்தாலோ அதை சுகர் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வேறு வகைப் பரிசோதனையில் சரிபார்ப்பார்கள்.

சில ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஏன் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்?

கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி வளரவே 24 முதல் 48 மணி நேரம் ஆகும். ரத்தத்தில் கிருமி தேடும்போது 5 நாள் வரை பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்பார்கள்.

சதைப் பரிசோதனை இன்னும் பொறுமையான வேலை. வெட்டியெடுத்த துணுக்கை முதலில் ஃபார்மலினில் ஊற வைக்க வேண்டும். பிறகு நீரை நீக்கி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு தடிமனுக்குச் சீவி, சாயம் ஏற்றி, மருத்துவர் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சிறப்புச் சாயம். புற்றுநோயா இல்லையா என்று முடிவு சொல்லும் வேலையில் அவசரம் கூடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

குழாயில் ஒட்டும் லேபிளில் உங்கள் பெயர், வயது சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஒரே ஊரில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும்.

விரதப் பரிசோதனை என்றால் டீயும் கூடாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

முடி, நகம் வளர பயோடின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தைராய்டு ரிப்போர்ட்டை அது குழப்பும். முன்கூட்டியே சொல்லுங்கள்.

சிறுநீர் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். வீட்டில் இருந்து கொண்டு வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே ஒரு எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

ரிப்போர்ட்டும் உடம்பும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபரிசோதனை கேட்கத் தயங்காதீர்கள். லேப்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களே பல சமயம் அதைத்தான் செய்கிறார்கள்.

இத்தலார் அக்கா அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல், டாக்டர் அறைக்கு இன்னொரு முறை போயிருக்க வேண்டும். லேப் கொடுப்பது ஒரு எண். அது யாருடையது, எந்த ஊரில் வாழ்பவருடையது, அவருக்கு என்ன தொந்தரவு என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும்.